ஆய்வறைக்கும் பாலாற்றுக்கும் இடையே



அறிவியல் என்றவுடன் விண்ணிற் பாயும் ஏவுகலமும், அணுவைப் பிளக்கும் உலையுமே பலர் கண்முன் வந்து நிற்கின்றன. காலிற் கிடக்கும் செருப்பும் அறிவியலின் ஆக்கமே என்றால் நகைப்பாரும் உளர். உரித்த தோலை அப்படியே விட்டுவைத்தால் ஓரிரு நாளில் அழுகி நாறும். அதே தோல் பல்லாண்டு உழைக்கும் செருப்பாகவும் பையாகவும் கச்சையாகவும் மாறுகின்றது. அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்கும் இம் மாற்றத்தை மாந்தன் எழுத்தறியுமுன்பே செய்து பழகிவிட்டான். தோலைத் தைப்போர்க்குத் 'துன்னர்' என்னும் பெயர் வழங்கிய பழந்தமிழ் நாட்டிலும் அக் கைத்தொழில் செழித்திருந்தது. எனினும், தோலின் உள்ளமைப்பு யாது, பட்டைச் சாறு அதனுள் புகுந்து என்ன செய்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தது மிக அண்மைக் காலத்திலேயே. அவ் விடையின் ஒரு பெரும்பகுதி சென்னையிலேயே காணப்பட்டது என்பது தமிழிளைஞர் பலருக்கும் தெரியாத செய்தி.

சென்னைக் கிண்டி, அடையாற்றுப் பகுதியில் 1948-ஆம் ஆண்டு நடுவண் தோல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயற்பியல் துறையை நடத்திவந்தார் கோ. நா. இராமச்சந்திரன். தோலும் தசைநாணும் 'கொலாசன்' என்னும் புரத இழைகளால் ஆனவை. அவ் விழையின் வடிவத்தைக் காண்பதற்குத் தூய இழை வேண்டியிருந்தது. கங்காரு என்னும் ஆத்திரேலிய விலங்கின் வால் தசைநாண் இழை, பக்கத்திலிருந்த தோலாய்வு நிறுவனத்தின் வழியாக அவருக்குக் கிடைத்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், அப் புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று உலகுக்கு அறிவித்தனர். செருப்புத் தோலுக்காக அமைத்த ஆய்வகமும், அணுக்களின் அடுக்கை ஆயும் ஆய்வகமும் ஒரே மதிலை ஒட்டியிருந்தமையால் விளைந்த பயன் இது. 'தூய அறிவியல் உயர்ந்தது, தொழிலறிவியல் தாழ்ந்தது' என்று வரிசை வகுப்போர் இந் நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந் நிறுவனத்தை வளர்த்தவருள் தலையானவர் நாயுடம்மா. குண்டூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1922-இல் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். அமெரிக்காவிற் பயின்று மீண்டவர். 1958 முதல் 1971 வரை இந் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். பின்னர் இந்தியாவின் அறிவியல், தொழிலாராய்ச்சி மன்றத்துக்கே தலைமை தாங்கியவர். 1985 சூன் 23-ஆம் நாள் அயர்லாந்துக் கரைக்கப்பால் கடலுக்குமேல் வெடித்து வீழ்ந்த வானூர்தியில் அவரும் மாண்டார். தோல் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய குமுகாயம் இது. தோலைத் தொட்டவனைத் தீண்டாதவன் என்றது. அவன் பதனிட்ட செருப்பை மட்டும் கூசாது அணிந்துகொண்டது! அத்தகைய நாட்டில், கல்வி கற்றோர் தோலைக் கையால் தொட்டு ஆய்வதே ஒரு புரட்சி. ஆய்வறையின் முடிபு தோற்குழிவரை நடந்து செல்லவேண்டும் என்பதில் நாயுடம்மா உறுதியாக நின்றார். தோல்பதனிடுவோரை ஆய்வகத்துக்குள் அழைத்தார். ஆய்வாளரைத் தோற்சாலைக்கு அனுப்பினார்.

இனி, அக்காலத் தோற்சாலையின் நிலையைக் காண்போர்க்குப் பின்னாளைய கேட்டின் தோற்றுவாய் விளங்கும். தமிழகத்துத் தோற்சாலைகள் நெடுங்காலமாக ஆவாரம் பட்டையையும் கொன்றைப் பட்டையையும் கடுக்காயையும் நம்பியிருந்தன. மானாவாரிப் புன்செய்களில் தானே முளைத்துப் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கு இத்தனைப் பெருமை! பட்டையை இடித்து ஊறவைத்த குழிகளில் தோலை மாற்றி மாற்றி இட்டு, நாள்தோறும் கையாற் புரட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து எடுப்பர். இங்ஙனம் பாதி பதப்பட்ட தோலைச் சென்னை வணிகர் இலண்டனுக்குக் கப்பலேற்றினர். மெருகும் வண்ணமும் ஏற்றும் வேலை அங்கே நடந்தது. ஆதாயத்தின் கொழுத்த பங்கும் அங்கேயே தங்கிற்று.

இந் நிலையை மாற்றுமாறு 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. 1973 முதல் இந்திய அரசு பச்சைத் தோலின் ஏற்றுமதியைத் தடுத்தது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவு வரையறை செய்தது. முழுதும் முடித்த தோலும், செருப்பும், ஆடையுமே வெளிநாடு செல்லவேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நன்று. வேலை வாய்ப்புப் பெருகிற்று. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் பெயர் பெற்றன. ஆயினும், வெளிநாட்டான் கேட்ட மென்மையும் வண்ணமும் பட்டைத் தோலில் எளிதில் வாரா. குரோமிய உப்பிட்டுப் பதனிட்ட நீலத்தோலில்தான் வரும். வாரக்கணக்கான வேலை அதில் ஒரு நாளில் முடியும். தோல் கொதிநீரிலும் சுருங்காது. ஆகவே, குழி போய்ச் சுழலும் மரப்பீப்பாய் வந்தது. ஆவாரை போய்க் குரோமியம் வந்தது. இலண்டன் முதலான இடங்களில் நடந்துவந்த வேலை பாலாற்றங்கரைக்கு வந்தபோது, அவ் வேலையின் அழுக்கும் உடன் வந்தது. ஆதாயத்தைக் கணக்கிட்ட குழுக்கள் அழுக்கைக் கணக்கிட்டில!

அவ் வழுக்கின் கூறுபாட்டை விளங்கக் கூறுதல் வேண்டும். விளங்காத கேட்டை எதிர்க்க இயலாதன்றோ?

பழைய முறையில் பீப்பாயிலிட்ட குரோமியத்தில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கே தோலிற் பிடிக்கும். எஞ்சிய 30, 40 பங்கு கழிவுநீரோடு வெளியேறும். அக் கழிவில் ஓர் இலிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். வெளிவிடும் நீரில் இருக்கத்தக்க அளவாகச் சட்டம் வகுத்திருப்பதோ ஓர் இலிட்டருக்கு 2 மில்லிகிராம்! தோலிற் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் நஞ்சிற் குறைந்தது. அஃது ஆறிணைதிற வடிவில் இருப்பின் புற்றுநோய் விளைக்கும் கொடுநஞ்சு. குரோமிய உப்பை உருவாக்கும் தொழிலில் இவ் வடிவமே கழிவில் நிறைந்திருக்கும். இராணிப்பேட்டையில் அத்தகைய தொழிலகம் ஒன்று 1990-களின் இடையில் மூடப்பட்டபோது, இலக்கம் தொன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியிலேயே விட்டுச் சென்றது. உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலை 2006-இல் அமெரிக்க அமைப்பொன்று வெளியிட்டது. அதில் இராணிப்பேட்டையின் பெயரும் இடம்பெற்றது.

குரோமியத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். உப்பைப் பற்றிப் பேசுவோர் சிலர். பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கரிப்பாக்கிய பெரும்பகை, வீட்டுச் சமையலறையில் இருக்கும் அதே உப்புத்தான். உரித்த தோல் தோற்சாலைக்கு வந்து சேருமுன் அழுகாதிருக்க, அதன் எடையில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ உப்பிடுவர். தோலைக் கழுவும்போது அவ்வளவும் நீரிற் கரையும். பின்னர்க் காடித் தோய்ப்புக்கு மேலும் உப்பு. ஒரு தொன் தோலைப் பதனிட 30 ஆயிரம் முதல் 40 ஆயிரம் இலிட்டர் நீர் செலவாகும். அவ்வளவு நீரும் உப்புநீராய் வெளிவரும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைத் தூய்மை செய்யும் நிலையங்கள் அழுகற் பொருளைத் தின்று தீர்க்கும். குரோமியத்தைக் கசடாக இறக்கும். உப்பைத் தொடவும் மாட்டா. அது வந்தவாறே நிலத்திற் புகும்.

பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கன்னட, ஆந்திர நிலங்களைக் கடந்து வரும் அவ் வாற்றில், உப்பைக் கரைத்துக் கடலுக்கு அடித்துச் செல்லும் வெள்ளம் அரிது. நீர் மணலுக்கடியில் ஊறிச் செல்லும். அவ் வூற்றையே ஊர்களும் வயல்களும் நம்பியிருந்தன. உப்புநீர் அவ் வூற்றிற் கலந்தபின் கிணறு என்னாகும்? தென்னை காய்க்காது, நெல் கருகும், சமைத்த சோறு கரிக்கும். இக் கேட்டைக் கண்டு சொல்ல நுண்கருவி எதுவும் உழவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் உச்ச முறைமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 35,000 எக்டேர் உழவு நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்யத் தகாததாயிற்று என்னும் கணக்கு முறைமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம் எடுத்த கணக்கு அது. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் ஆய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன என்னும் மற்றொரு கணக்கும் வந்தது. 1996 ஆகத்து 28-ஆம் நாள் தீர்ப்பாளர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காத்தலும், கெடுத்தவனே ஈடு செய்தலும் இந் நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என்று அத் தீர்ப்பு நிறுவிற்று. தோற்சாலை ஒவ்வொன்றும் 10,000 உருபா தண்டம் கட்டுமாறும், 1996 நவம்பர் 30-க்குள் தூய்மைக் கருவிகளை அமைக்காதவை மூடப்படுமாறும் ஆணையிட்டது.

இங்கேதான் அவையோர் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உளது. கழிவுநீரினின்று குரோமியத்தை மீட்கும் வழி அத் தீர்ப்புக்கு முன்னரே தெரிந்ததன்றோ? வழி மிக எளிது. கழிவுக் கரைசலில் மகனீசிய உயிரகை என்னும் வெண்பொடியை இட்டுக் கலக்கினால், குரோமியம் கசடாக அடியில் தங்கும். மேல்நீரை வடித்து, கசட்டைக் கந்தகக் காடியிற் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்பாகும். தோலாய்வு நிறுவனத்தார் இதைச் செய்து காட்டினர். மீட்ட குரோமியத்தை மறுபடி பயன்படுத்துவதால் முதலாளிக்குப் பணமும் மிச்சம். தோலைக் கழுவுமுன் மரச்சட்டத்தின்மேல் அடித்து உதறினால், ஒட்டாத உப்பு உலர்ந்த நிலையிலேயே உதிர்ந்துவிடும் என்பதையும் காட்டினர். இதற்கு எந்தப் பெரும் பொறியும் வேண்டா. இரண்டு கைகளும் ஒரு சட்டமும் போதும்!

இருந்தும் என்ன? மென்மையான ஆட்டுத்தோலை உருவாக்கும் வழிமுறை, வெளிநாட்டுச் சந்தைக்குரிய வண்ணக் கலவை முதலியன ஆய்வறையினின்று தோற்சாலைக்குக் குதிரைமேல் ஏறிச் சென்றன. உப்பை உதறும் வழியும் குரோமியத்தை மீட்கும் வழியும் முறைமன்றத்தின் தடியடி விழுந்தபின்னரே பரவலாகக் காலெடுத்து வைத்தன. கரணியம் வெளிப்படை. முன்னவற்றின் பயனைத் தோற்சாலையான் அன்றே கையிற் பெற்றான். பின்னவற்றின் பயன் எவனோ ஓர் உழவனின் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அவ் வுழவன் ஆய்வுக்குப் பணம் கட்டியவனல்லன். ஆய்வுக் குழுவில் இடம்பெற்றவனுமல்லன். சிறு தோற்சாலைகளுக்கு இடமும் முதலும் இல்லை என்னும் சமாளிப்பில் உண்மை ஓரளவு உண்டு. அதற்காகத்தான் பலர் கூடி ஒரே நிலையம் அமைக்கும் பொதுத் திட்டம் வந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் அவ்வாறு அமைந்த நிலையங்கள் பல. பின்னர், உப்பையும் பிரிக்கவேண்டும் என்னும் நெருக்கடியால், மென்தோற் சல்லடை வழியே அழுத்தி நீரை மீட்கும் கருவிகளும் வந்தன. மீட்ட நீர் திரும்பவும் பயன்பட்டது. பிரித்த உப்போ கலப்புப் பொருள், வாங்குவார் இலர். அது கொட்டகைகளில் மேடாகக் குவிந்தது. ஆற்றிற் கலந்ததை அறையிற் பூட்டியாயிற்று. அதற்குமேல் ஒரு முடிவைக் காண்பது ஆய்வாளரின் கடன்.

தொழிலாளியின் செய்தியை இதுவரை தொடவில்லை. மயிர் களையச் சுண்ணாம்புடன் கலக்கும் கந்தக உப்பைத் தொழிலாளர் 'சல்பைடு' என்றே வழங்குவர். அதன் கழிவும் காடிக் கழிவும் ஒரே தொட்டியில் கூடினால், அழுகிய முட்டை நாற்றமுடைய கொடுவளி எழும். சிற்றளவில் நாறும், பேரளவிலோ மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும்! நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று தொட்டியில் இறங்கியவனும், அவனைத் தூக்கச் சென்றவனும் அடுத்தடுத்து மாண்ட செய்திகள் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து பலகால் வந்துள்ளன. சல்பைடைக் குறைத்து நொதிகளால் மயிர் களையும் முறைகளை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அவை முழுமையாகப் பரவும்வரை, தொட்டியருகே நிற்பவன் அறியவேண்டிய செய்தி இரண்டே வரியில் அடங்கும். அவ் விரண்டு வரியும் எம்மொழியில் எழுதப்பட்டன?

ஆவாரைக் காலத்தில் தோலின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழிற் பெயர் இருந்தது. தோலை ஊறவைத்தலும், சுண்ணாம்பிடுதலும், மயிர் களைதலும், சதை சீவுதலும், பட்டையிடுதலும் தொழிலாளியின் நாவிற் புழங்கின. வேதிப்பொருள் வந்தபோது, பொதியின்மேல் ஆங்கிலம் வந்தது. ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில். பயிற்சி நூலும் ஆங்கிலத்தில். கற்றவன் கற்றவனுக்கே எழுதிக்கொண்டான். எவன் நுரையீரலுக்குள் அவ் வளி புகுமோ அவனுக்கு எழுதுவார் அரியராயினர். பிற்காலத்தில் வங்கத்தினின்றும் பீகாரினின்றும் ஒடியாவினின்றும் வேலைக்கு வந்த ஏழைகளுக்கும் இதே நிலைதான். அவரவர்க்கு அவரவர் தாய்மொழியில் சொல்லுதல் முறை. 2015 சனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுத் தூய்மை நிலையத்தின் கசடு தேக்கிய தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தோற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கசட்டில் மூழ்கி இறந்தனர். அவருட் பெரும்பாலோர் வங்கத்தினின்று பிழைக்க வந்தவர். ஆற்றைக் காக்க அமைத்த நிலையத்தின் கசடே அவர்களைக் கொன்றது. கசட்டை என் செய்வது என்னும் வினாவை 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்ததன் விலை அது.

குற்றம் மட்டுமே கூறிச் செல்வது முறையாகாது. அவ் வாய்வு நிறுவனத்தின் பணிகளில் மக்களை நேரே தொட்டவை சில உள. தோலினின்று பிரித்த கொலாசனை மெல்லிய தாள் போலாக்கித் தீப்புண்ணின் மேற் போர்த்தும் மருத்துவ முறையை அங்கு உருவாக்கினர். ஆண்டாண்டாக ஆங்கிலேயரின் கால் அளவைக் கொண்டே இந் நாட்டுச் செருப்புகள் அளக்கப்பட்டு வந்தன! 2021, 2022-ஆம் ஆண்டுகளில் அந் நிறுவனத்தார் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை அளந்து, இந் நாட்டுக் கால்கள் பொதுவாக அகலம் மிக்கவை என்று கண்டு, புதிய அளவு முறையொன்றை முன்வைத்தனர். குதிகாலிலும் விரலிலும் புண்பட்டு நடந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

எல்லாவற்றினும் பாலாற்றுக்கு நெருக்கமானது, நீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறை. பழைய முறையில் குரோமியம் இடுமுன் தோலை உப்பும் காடியும் கலந்த நீரில் தோய்ப்பர். புதிய முறையில் அத் தோய்ப்பே இல்லை. பதனிடும் பீப்பாயில் நீரும் ஊற்றுவதில்லை. தோலின் உள்ளீரத்திலேயே குரோமியம் ஊடுருவுகின்றது. ஆகவே கழிவுக் கரைசலும் இல்லை; அதிலுள்ள உப்பும் இல்லை. குரோமியச் செலவும் குறைகின்றது. கழிவைப் பிறகு தூய்மை செய்வதைவிட, கழிவே தோன்றாமற் செய்வது மேல் என்னும் எண்ணத்தின் பயன் இது. இம் முறை முதலாளிக்குப் பணத்தையும் உழவனுக்குக் கிணற்றையும் ஒருங்கே மிச்சப்படுத்துவதால், முன்னவை போல் நொண்டாமல் தோற்சாலைகள் பலவற்றுக்குள் விரைந்து சென்றது. எனினும், பச்சைத் தோலைக் காக்க இடும் முதல் உப்பு இம் முறையிலும் நீங்கவில்லை.

கெட்ட நிலத்தின் கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீட்டுக்குரியோர் என்று கண்டது. அதன்பின் வழக்கின்மேல் வழக்கு. 2025 சனவரி 30-ஆம் நாள் உச்ச முறைமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. எஞ்சியோர்க்கு அரசே இழப்பீட்டை வழங்கிப் பின்னர்க் கெடுத்தோரிடம் தண்டிக்கொள்ளவும், உயர்முறைமன்ற முன்னாள் தீர்ப்பாளர் ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கண்காணிக்கவும் ஆணை பிறந்தது. 1991-இல் வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது அகவை முப்பத்து மூன்றைக் கடந்துவிட்டது!

அத்தகைய கண்காணிப்புக்கு முதலில் வேண்டுவது அளவு. எந்த ஊரில், எந்தக் கிணற்றில், எத்தனை அடி ஆழத்தில், எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோமியம் என்பதை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அளக்கவேண்டும். அளக்கும் கருவியும் கற்ற இளைஞரும் தமிழகத்துக் கல்லூரிகளில் உளர். அளந்த கணக்கை வட்டாட்சியர் பேழையிற் பூட்டி வைக்காமல், அவ்வவ்வூர்ச் சாவடிச் சுவரில் அவ்வூரார் படிக்கும் எழுத்தில், தம் கிணற்றின் பெயர் சுட்டி எழுதி வைக்கட்டும்.